யாரிடம், எப்படிச் சொல்வது? ஆண்களின் மனநலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் தமிழ் பேசும் ஆண்களும், அவர்களை நினைத்துக் கவலைப்படும் மனைவி, அம்மா, கூட்டாளிமாரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இப்போதே இருக்கிறதென்றால் மீதியைப் பிறகு வாசியுங்கள். 1926 என்ற இலக்கத்தை அழையுங்கள், 24 மணித்தியாலமும் ஆள் இருக்கும். ஏற்கெனவே ஏதாவது செய்துவிட்டால் 1990 இலவச அம்புலன்ஸ்.

மனம்விட்டுக் கதைக்கச் சொல்கிறார்கள். அதற்காக ஊருக்கெல்லாம் சொல்லித் திரிவதா?

வேண்டாம். ஒரு ஆள் போதும். கேட்டதை இன்னொருவரிடம் கொண்டுபோகாதவர், நடுவில் குறுக்கிட்டுப் புத்தி சொல்லாதவர், உங்கள் சம்பளமோ கலியாணமோ அவர் கையில் தங்கியிராதவர். இந்த மூன்றும் பொருந்துகிற ஆள் நெருங்கிய சொந்தத்தில் இல்லாமல் போகலாம். பழைய பள்ளிக்கூடக் கூட்டாளியாக இருக்கலாம், மச்சினனாக இருக்கலாம், முகம் தெரியாத தொலைபேசிக் குரலாகவும் இருக்கலாம்.

என்ன சொல்வதென்று தெரியாமல்தான் அநேகம் பேர் தள்ளிப்போடுகிறார்கள். மூன்று வசனம் தயார்பண்ணிக்கொள்ளுங்கள்: என்ன நடக்கிறது, எவ்வளவு காலமாக, கேட்பவரிடம் என்ன வேண்டும். "மச்சான், ரெண்டு மாசமா எனக்குச் சரியான நித்திரை இல்ல. வேலையில கை ஓடுதில்ல, வீட்டில எல்லாத்துக்கும் எரிஞ்சு விழுறன். நீ ஒண்டும் செய்ய வேணாம், பத்து நிமிஷம் கேட்டாக் காணும்." மூன்றாவது வசனத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதைச் சொல்லாவிட்டால் கேட்பவர் பதறிப்போய், தனக்குத் தெரிந்த ஜோசியரிலிருந்து பிஸ்னஸ் ஐடியா வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டத் தொடங்குவார். பிறகு நீங்கள் வாயே திறக்க மாட்டீர்கள்.

நேரமும் இடமும் முக்கியம். குடித்துவிட்டு வேண்டாம், அடுத்த நாள் இருவருமே அது நடக்காத மாதிரி இருந்துவிடுவீர்கள். நடு இரவில் வட்ஸ்அப்பில் நீளமாக எழுதுவதும் வேண்டாம், பதில் வரும்வரை இன்னும் கொதிக்கும். முகத்துக்கு முகம் உட்கார்ந்து கதைப்பதைவிடப் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கதைப்பது ஆண்களுக்குச் சுகம்: மரைன் டிரைவில் நடந்துகொண்டு, காலிமுகத்திடல் கட்டில் கடலைப் பார்த்துக்கொண்டு, அல்லது ஓட்டோவில் முன்னுக்கும் பின்னுக்குமாக.

எனக்கு மனதில் ஒன்றுமில்லை. உடம்புதான் சரியில்லை. காஸ்ட்ரைட்டிஸ், நெஞ்சுக்குள் பாரம், முதுகுவலி. டெஸ்ட் எல்லாம் நோர்மல் என்கிறார்கள்.

முதலில், நெஞ்சு நோவை மனம் என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். புதிதாக வந்த நெஞ்சு நோவு, கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, வியர்த்துக் கொட்டுவது என்றால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் ஈ.சி.ஜி. எடுங்கள். களைப்பு மாதக்கணக்கில் இருந்தால் தைரொயிட், இரத்தத்தின் ஹீமோகுளோபின், சீனி அளவு பார்க்க வேண்டும். தைரொயிட் குறைவும் இரத்தச்சோகையும் மனச்சோர்வு மாதிரியே தோன்றும்.

அவையெல்லாம் சரியென்றால், "நோர்மல்" என்ற சொல்லுக்கு நோவு பொய் என்று அர்த்தம் இல்லை. மனச்சோர்விலும் பதகளிப்பிலும் (அளவுமீறிய பயம், பதற்றம்) உடம்பு உண்மையாகவே நோகும். தசைகள் நாள் முழுக்க இறுகியே இருப்பதால் கழுத்தும் முதுகும் பிடிக்கும். நித்திரை குறையக் குறைய வலி கூடுதலாக உறைக்கும். குடல் ஓட்டம் மாறுவதால் வயிறு ஊதும், எரியும். நம்மவர்கள் இதற்கு வருடக்கணக்காக காஸ்ட்ரிக் குளிசை விழுங்குகிறார்கள். எண்டஸ்கோப்பி மூன்று தரம் செய்தவரிடம் நித்திரை எப்படி என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே அடுத்த தரம் டொக்டரிடம் போகும்போது நோவோடு சேர்த்து மற்றதையும் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது, சாப்பாடு எப்படி, முன்பு விருப்பமாகச் செய்தவற்றில் எது விட்டுப்போயிற்று. விடிய மூன்று, நான்கு மணிக்கு முழிப்பு வந்து பிறகு கண் மூட முடியாமல் இருப்பது மனச்சோர்வில் அடிக்கடி காணும் அறிகுறி. அந்த ஒரு தகவலே டொக்டரின் யோசனையைத் திருப்பிவிடும்.

திடீரென்று இதயம் படபடத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவேன் என்ற பயம் வந்து, ஏறக்குறைய பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய் இறங்கினால் அது பதகளிப்பின் திடீர்த் தாக்கமாக இருக்கலாம். இதயத்தைச் சோதித்துச் சரியென்று சொன்ன பிறகு வந்தால்: நான்கு எண்ணும்வரை மூக்கால் மெதுவாக இழுங்கள், ஆறு எண்ணும்வரை வாயால் விடுங்கள், ஐந்து நிமிடம். வேகமாக ஆழமாக இழுத்தால் கை விறைப்பும் தலைச்சுற்றும் கூடும். அதைத்தான் பலரும் பிழையாகச் செய்கிறார்கள்.

விந்து போவதால் உடம்பு பலவீனமாகி மனமும் கெட்டுவிடுமா?

இல்லை. இது மருத்துவ உண்மை அல்ல. ஆனால் இந்தப் பயமே இளம் ஆண்கள் பலரை மாதக்கணக்கில் வாட்டுகிறது, சுவரொட்டி வைத்தியர்களுக்குக் காசும் அழ வைக்கிறது. டொக்டரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள், அவர் இதை நூறு தரம் கேட்டிருப்பார்.

சாதாரண கவலைக்கும் நோய்க்கும் எங்கே கோடு?

கவலைக்குக் காரணம் இருக்கும், நல்ல செய்தி வந்தால் கொஞ்சமாவது இறங்கும். மனச்சோர்வு இரண்டு கிழமைக்கு மேல், அநேகமாக ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதி இருக்கும். வேலை, சாப்பாடு, நித்திரை, உறவு எல்லாவற்றையும் தொடும். பி.எச்.கியூ.-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் தமிழிலும் உண்டு. கடந்த இரண்டு கிழமையைப் பற்றிக் கேட்கும், மொத்தம் 27 புள்ளி. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒருவரைப் பார்க்கத்தான் வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாகும் எண்ணம் பற்றியது. அதற்கு "இல்லை" தவிர வேறு பதில் வந்தால் மொத்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

ஆண்களில் அழுகையும் சோகமும் வெளியே தெரியாமல் போகலாம். அதற்குப் பதில் கோபம், சின்ன விஷயத்துக்குச் சண்டை, வண்டியைக் கண்மண் தெரியாமல் ஓட்டுவது, விடிய விடிய போன், கூடிய குடி, அல்லது வீட்டுக்கு வரவே பிடிக்காமல் கடையிலேயே கிடப்பது. "அவருக்குக் கோபக் குணம்" என்று வீட்டில் எழுதி ஒட்டிவிட்டால் நோய் தெரியாமலே போய்விடும். குணம் என்றால் சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கும். ஆறு மாதத்துக்குள் மாறியிருந்தால் அது குணம் அல்ல.

எனக்குப் பிரச்சினை காசுதான். கதைத்தால் கடன் அடைபடுமா?

அடைபடாது. ஆனால் கதைக்காமல் இருந்தால் கடன் கூடும், காரணம் இதுதான்: மனம் சோர்ந்தவர் தவிர்க்கத் தொடங்குவார். போனை எடுக்க மாட்டார், கடிதத்தைப் பிரிக்க மாட்டார், தவணைத் திகதியைப் பார்க்க மாட்டார். ஒன்றை மூட இன்னொன்று எடுப்பார். 2022 நெருக்கடிக்குப் பிறகு இந்தச் சுழலுக்குள் அகப்பட்டவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்.

நம்பிக்கையான ஒருவரோடு உட்கார்ந்து ஒரு கொப்பித் தாளில் ஐந்து நிரல் போடுங்கள்: யாருக்கு, முதல் எவ்வளவு, வட்டி எப்படி, அடுத்த திகதி எப்போது, கட்டாவிட்டால் என்ன நடக்கும். வங்கி, லீசிங், நகை அடகு, சீட்டு, கைமாற்று, மீற்றர் வட்டி (நாளுக்கு நாள் ஏறும் கந்துவட்டி) எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒன்றை ஒளித்தாலும் திட்டம் உடையும், ஒளிப்பது வழமையாக அந்த மீற்றர் வட்டியைத்தான். பிறகு கடைசி நிரலைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள். பிழைப்பைப் பறிப்பது முதலில்: ஓட்டோ லீசிங் நின்றால் வண்டியை இழுத்துக்கொண்டு போவார்கள், உழைப்பும் போகும். அடகு நகை ஏலத்துக்குப் போகும் திகதி அடுத்தது. வங்கிக்கும் லீசிங்குக்கும் தவணை தவறமுதல் போய்த் திகதி மாற்றிக் கேட்டால் பேச இடமிருக்கும். மூன்று தவணை விட்ட பிறகு அவர்கள் பேசும் விதமே வேறு.

இந்தத் தாள் மனைவிக்குத் தெரியவேண்டுமா என்றால், தெரியவேண்டும் என்பதே எங்கள் அபிப்பிராயம். மிகக் கெட்ட முறை, அவர் அதைக் கடன்காரன் வாசலுக்கு வந்த பிறகு அறிவது.

ஒரு பெக் போட்டால்தான் நித்திரை வருகிறது. அதில் என்ன பிழை?

கண் மூடுவது சீக்கிரம் நடக்கும், உண்மை. ஆனால் சாராயம் உடம்பிலிருந்து இறங்கும்போது, இரவின் இரண்டாம் பாதியில், நித்திரை துண்டு துண்டாக உடையும். விடிய நெஞ்சு படபடப்போடு முழிப்பு, பகலில் மனம் இன்னும் கீழே, மாலையில் இன்னும் கொஞ்சம் கூட.

ஒவ்வொரு நாளும் நிறையக் குடிப்பவர் ஐயப்பன் மாலை போட்டோ, கோபத்தில் சத்தியம் பண்ணியோ ஒரேயடியாக நிறுத்துவது ஆபத்து. 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் கை நடுக்கம், வியர்வை. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை பிதற்றல், இல்லாததைக் காண்பது. இது உயிருக்கே ஆபத்தானது. விடியக் கை நடுங்கி, ஒன்று போட்டால் நிற்கிறதென்றால் வைத்தியரின் மேற்பார்வையில்தான் நிறுத்தவேண்டும். குடி, போதைப்பொருள் பிரச்சினைக்கென்றே சுமித்ரயோ என்ற தொண்டர் அமைப்பின் மெல் மெதுர நிலையம் கொழும்பு 7, ஹோர்டன் பிளேஸில் இருக்கிறது.

கூட்டாளி ஒருவன் மாறிப்போயிருக்கிறான். எப்படிக் கேட்பது?

"எப்பிடி இருக்கிறாய்?" என்று கேட்டால் "இருக்கிறன்" என்று பதில் வரும், கதை முடிந்தது. கண்ணில் பட்டதைச் சொல்லிக் கேளுங்கள்: "மூணு கிழமையா நீ மெட்ச்சுக்கு வரேல்ல. போன் எடுத்தாலும் எடுக்கிறாயில்ல. என்ன நடக்குது?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். அவன் மௌனமாக இருக்கும் அரை நிமிடம் உங்களுக்கு அரை மணித்தியாலம் மாதிரி இருக்கும், அதைப் பகிடியால் நிரப்பாதீர்கள். முதல் தரம் "ஒண்டுமில்ல" என்றால் விட்டுவிட்டு, நான்கைந்து நாளில் திரும்பக் கேளுங்கள். இரண்டாம் தரம் கேட்பவரைத்தான் நம்புவார்கள்.

"கலியாணம் கட்டினாச் சரியாகும்", "எங்கட அப்பா காலத்தில இதெல்லாம் இருந்ததா", "உன்னவிடக் கஷ்டப்படுறவன் எத்தின பேர்". இந்த மூன்றும் கதவை அடித்து மூடும்.

சாகிறதைப் பற்றிச் சாடையாகச் சொன்னால் நேரடியாகக் கேளுங்கள்: "செத்துப்போகலாம் எண்டு யோசனை வருதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, அநேகமாக, ஒருவர் கேட்டுவிட்டாரே என்று மூச்சு விடுவார்கள். ஆம் என்றால், எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறானா, அதற்கான பொருள் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். வழியும் நேரமும் முடிவாகியிருந்தால் தனியே விடாமல், அன்றைக்கே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். "ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்" என்று சத்தியம் பண்ணாதீர்கள். "உன்ர உயிர் சம்பந்தப்பட்டதெண்டால் சொல்லுவன், மற்றது என்னோட" என்பதே நேர்மையான வாக்கு.

வீட்டிலுள்ள குளிசை, நஞ்சு மாதிரியானவற்றை வேறு வீட்டில் கொடுத்துவையுங்கள். இது சின்ன வேலையாகத் தெரியும், ஆனால் நாட்டளவிலேயே பலன் கண்ட வழி. 1995 அளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் உயிரை மாய்த்தார்கள், உலகின் மிகக் கூடிய வீதங்களில் ஒன்று. நச்சு கூடிய பூச்சிநாசினிகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. சாகவேண்டும் என்ற வேகம் பலருக்கு மணித்தியாலக் கணக்கில் தணிந்துவிடும், அதுவரை பொருள் கைக்கு எட்டாமல் இருக்கவேண்டும். இன்றும் இறப்பவர்களில் மிகப் பெரும்பான்மை ஆண்களே.

ஆஸ்பத்திரிக்குப் போனால் பொலிஸ் கேஸ் ஆகுமா?

உயிரை மாய்க்க முயல்வது இலங்கையில் 1998 முதல் குற்றம் அல்ல. இந்தப் பயத்தில் தாமதிக்காதீர்கள்.

டொக்டரிடம் போனால் அங்கொடைக்கு அனுப்பிவிடுவார்களா?

அங்கொடை, முல்லேரியாவில் இருப்பது தேசிய மனநல நிறுவகம். பள்ளிக்கூடப் பகிடியில் வருவதைத் தவிர அதைப் பற்றி நம்மில் பலருக்கு ஒன்றும் தெரியாது. மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் மருந்தெடுக்கும் மிகப் பெரும்பாலானோர் வார்ட்டில் நிற்பதே இல்லை. கிளினிக்குக்குப் போய் வீட்டுக்கு வருகிறார்கள். அதற்கு அங்கொடைக்குத்தான் போகவேண்டும் என்றும் இல்லை. பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் கொழும்பு தேசிய வைத்தியசாலை, களுபோவில, ராகமை போதனா வைத்தியசாலைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. அரச வைத்தியசாலையில் எல்லாம் இலவசம். முதலில் ஓ.பி.டி.யில் துண்டு எடுத்து, அங்குள்ள டொக்டரிடம் மனநலக் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். காலை வேளை வேலை கெடும், நாட்கூலிக்காரருக்கு ஒரு நாள் சம்பளம் போகும். முடிந்தவர்கள் பின்னேரத்தில் தனியார் ஆஸ்பத்திரியில் சனல் பண்ணுகிறார்கள்.

யாரைப் பார்ப்பது என்பதில் குழப்பம் உண்டு. மனநல வைத்திய நிபுணர் மருந்து எழுதுவார், நோயை நிர்ணயிப்பார். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதமாட்டார், பேச்சுமுறைச் சிகிச்சை செய்வார். உளவளத்துணையாளர் கேட்டு வழிகாட்டுவார். பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணை அலுவலர் உண்டு, காசு இல்லை. தனியாக அறை வைத்து நடத்துபவரிடம் என்ன படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. முகம் சுளித்தால் எழும்பி வாருங்கள்.

போனில் என்றால் 1926 தேசிய மனநல நிறுவகத்துடையது. 1333 இலவச உளவளத்துணை இலக்கம். சுமித்ரயோ 1974 முதல் இயங்கும் தொண்டர் அமைப்பு, ஹோர்டன் பிளேஸுக்கு நேரிலும் போகலாம். அவர்கள் புத்தி சொல்ல மாட்டார்கள், கேட்பார்கள், பெயர் சொல்லத் தேவையில்லை. சிகிச்சை அல்ல, முதல் தரம் வாய்திறந்து பழக நல்ல இடம்.

டொக்டர் சிங்களத்தில் கேட்கிறார். எனக்குக் கடைச் சிங்களம்தான் வரும்.

புறக்கோட்டையில் விலை பேசும் சிங்களத்தில் மனதைச் சொல்ல முடியாது. 1926ஐ எடுத்தவுடன் "தமிழில் கதைக்க வேணும்" என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். கிளினிக்கில் பதியும்போதே தமிழ் தெரிந்த டொக்டரோ தாதியோ இருக்கிறாரா என்று கேளுங்கள். மகனையோ மகளையோ மொழிபெயர்க்கக் கூட்டிப்போக வேண்டாம். பிள்ளை முன்னால் சாகும் எண்ணத்தையோ தாம்பத்தியப் பிரச்சினையையோ எவரும் சொல்லமாட்டார்கள், டொக்டருக்கு அரைக் கதைதான் போகும். வேறு வழியில்லாவிட்டால் பெரியவர் ஒருவர். அல்லது இரு மொழியும் தெரிந்தவரைக் கொண்டு ஒரு பக்கத்தில் எழுதுவித்து நீட்டுங்கள்.

குளிசை தொடங்கினால் ஆயுள் முழுக்கவா? அடிமையாகிவிடுவேனா?

புளுவொக்செட்டின், சேர்ட்ரலின் போன்ற மனச்சோர்வுக் குளிசைகளுக்கு நித்திரைக் குளிசை, சாராயம் மாதிரி ஏக்கம் வராது. பலன் தெரிய 2 முதல் 4 கிழமை எடுக்கும். ஆனால் குமட்டல், அந்தரிப்பு, நித்திரைக் குழப்பம் முதல் கிழமையிலேயே வரலாம். பக்கவிளைவு முன்னால், பலன் பின்னால் என்பதால்தான் பலர் பலன் தெரியமுதலே நிறுத்திவிடுகிறார்கள் போலிருக்கிறது. சாப்பாட்டோடு எடுத்தால் குமட்டல் குறையும். 25 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு முதல் கிழமைகளில் அந்தரமோ சாகும் எண்ணமோ கூடினால் அன்றைக்கே டொக்டருக்குச் சொல்லவேண்டும்.

ஆண்கள் சொல்லாமலே நிறுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு: ஆசை குறைவது, விந்து வெளியேறத் தாமதமாவது. மனச்சோர்வாலும் ஆசை குறையும், மருந்தாலும் குறையும். எதனால் என்று பார்த்து அளவை மாற்றலாம், வேறு குளிசைக்கு மாறலாம். சொன்னால்தான் செய்ய முடியும்.

சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரவேண்டும், பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். திடீரென்று விட்டால் தலைச்சுற்று, எரிச்சல், தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி உணர்வு வரலாம். டயசிபாம், அல்பிரசோலம், குளோனசிபாம் போன்ற நித்திரை, பதகளிப்புக் குளிசைகள் வேறு வகை. சில கிழமைக்கு மேல் எடுத்தால் பழகிவிடும். கூட்டாளி கொடுத்த மட்டையை வாங்கிப் போடாதீர்கள், சாராயத்தோடு சேர்த்தால் மூச்சே அமுங்கும்.

வேலையிடத்தில், கலியாணப் பேச்சில் தெரிந்துவிட்டால்?

வேலையிடத்துக்கு நோயின் பெயர் சொல்லும் கட்டாயம் வழமையாக இல்லை. கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி முதல் வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும், சொந்த அலுவலுக்கோ சுகவீனத்துக்கோ 7 நாளும் உண்டு. கிளினிக் நாளுக்கு அதிலிருந்து எடுக்கலாம். மெடிக்கல் தேவையென்றால் எழுதமுதல் டொக்டரிடம் என்ன எழுதப்போகிறீர்கள் என்று கேளுங்கள்.

கலியாணத்துக்குப் பேசும் ஆளிடம் சொல்லவே வேண்டும், தரகரிடம் அல்ல. ஒளித்துக் கட்டினால் மருந்தையும் ஒளிக்கவேண்டி வரும், ஒளித்த மருந்து தவறும்.

ஏழரைச் சனி நடக்கிறது. பரிகாரம் செய்தால் போதாதா?

செய்யுங்கள். கோயிலோ, கொச்சிக்கடை அந்தோனியாரோ, பள்ளிவாசலோ, போய் மனம் ஆறினால் நல்லதுதான். குளிசையை நிறுத்தச் சொல்பவரிடம் மட்டும் திரும்பப் போகாதீர்கள். சனி விலக ஏழரை வருடம், மனச்சோர்வுக்கு அவ்வளவு காலம் கொடுக்கத் தேவையில்லை.

அப்பா 83 கலவரத்தையும் அதற்குப் பிறகு நடந்ததையும் பற்றி வாயே திறப்பதில்லை. கதைக்க வைக்க வேண்டுமா?

வற்புறுத்த வேண்டாம். நடந்த கொடுமையை விலாவாரியாக ஒருதரம் கொட்ட வைப்பதால் சுகம் வருவதில்லை, சிலருக்கு அது கூடக் கேடு. பட்டாசுக்குத் துடித்தெழுவது, கெட்ட கனவு, ஒரு தெருவை இன்றுவரை தவிர்ப்பது போன்றவை அவருடைய அன்றாடத்தைக் குழப்பினால், மனவடுவுக்குச் சிகிச்சை தெரிந்த உளவியலாளர் படிப்படியாகச் செய்வார். குழப்பாவிட்டால் அவர் மௌனத்தை நோய் என்று எடுக்காதீர்கள். அவர் தானாகத் தொடங்கும் நாளில் கேட்க ஆள் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

ஒரு தரம் போனேன். டொக்டர் ஐந்து நிமிடத்தில் மருந்து எழுதி அனுப்பிவிட்டார். இனியும் போவதா?

போங்கள், ஆனால் இந்தமுறை தயாராக. கிளினிக்கில் வரிசை நீளம், நீங்கள் தயங்கித் தயங்கித் தொடங்குவதற்குள் நேரம் முடிந்துவிடும். மிக முக்கியமானதை முதலில் சொல்லுங்கள், கடைசியில் கதவடியில் நின்று அல்ல. ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோங்கள்: எப்போது தொடங்கியது, நித்திரை எத்தனை மணித்தியாலம், குடி எவ்வளவு என்று உண்மையாக, சாகும் எண்ணம் உண்டா, எடுக்கும் மற்றக் குளிசைகளின் பெயர், குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா. பேச்சுமுறைச் சிகிச்சையும் வேண்டும் என்றால் நீங்களாகவே கேளுங்கள், கேட்டவருக்குத்தான் கடிதம் கிடைக்கும். இரண்டாம் முறையும் ஒத்துவரவில்லையென்றால் வேறொருவரைச் சனல் பண்ணுங்கள் அல்லது வேறு ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு மாறுங்கள். பழைய கிளினிக் கொப்பியையும் மருந்துத் துண்டையும் எறியாமல் கொண்டுபோங்கள், புதியவர் அதைப் பார்த்துத்தான் அடுத்த குளிசையையும் அளவையும் தீர்மானிப்பார்.